கூழுக்கும் மீசைக்கும் நடுவே ஒரு கரண்டி

நடுவர் அவர்களே, வணக்கம். 'எழுத நேரம் வேண்டும் என்று வேலையை மாற்றுவது விவேகமா, விபரீதமா?' விவேகமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று எங்களைக் கிண்டலடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் அண்ணே, இன்னும் தேவைப்படும். கூழைக் கொட்டவும் வேண்டாம், மீசையை எடுக்கவும் வேண்டாம். ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்!

எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பி.இ.எல். என்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலையில் இருந்துகொண்டேதானே அவ்வளவு எழுதினார் என்று அண்ணன் கேட்டார். எழுதினார். ஒருவர் மாடிக்கு ஒரே தாவாகத் தாவுகிறார் என்பதற்காக நாம் வீட்டில் படிக்கட்டு கட்டாமல் விடுகிறோமா?

நான் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவைக் கூப்பிடுகிறேன். 1907-ல் பிராக் நகரில் ஓர் இத்தாலியக் காப்பீட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். காலை 8 மணிக்குப் போனால் மாலை 6. ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1908-ல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறினார். அதே காப்பீடுதான், ஆனால் மதியம் 2 மணிக்கு வீட்டுக்குப் போகலாம். மதியம் தூக்கம், இரவு எழுத்து. 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்கு உட்கார்ந்தவர், காலை 6 மணிக்கு ஒரு முழுக்கதையை முடித்துவிட்டு எழுந்தார். அப்புறம் ஆபீசுக்கு ஒரு சீட்டு: லேசாக மயக்கம், இன்று கட்டாயம் வருவேன், ஆனால் 12 மணிக்கு மேல் ஆகலாம்! நம்ம ஊர் ஆள் மாதிரியே இல்லை?

அந்த வேலையையும் அவர் திட்டினாரே என்பார்கள். திட்டினார்தான். திட்டிக்கொண்டே 1922 வரை இருந்தார்.

என் கதைக்கு வருகிறேன். ஒன்பது வருடம் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவு. இரவு எட்டரைக்கு வீடு, சாப்பிட உட்கார்ந்தால் வாட்ஸ்அப்பில் மேனேஜர், "மேடம், டார்கெட்?" ஒருநாள் மதியம் வீணாய்ப்போன விண்ணப்பத் தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுதினேன். கிணற்றடியில் ஒரு கிழவி தேங்காய் உரிக்க உட்காருகிறாள். மூன்று வருடம் உட்கார்ந்தே இருந்தாள் ஐயா! மூன்றாவது வரி வரவில்லை.

இப்போது வீட்டிலிருந்தே நான்கு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். வருமானம் பாதி, மறைக்கமாட்டேன். நகைச்சீட்டை நிறுத்தினோம். மாமியார் என்னை "வேலையை விட்டவ" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். காலை ஐந்து முதல் ஏழரை வரை எனக்கே எனக்கு. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கெடு, மாதம் 20-ம் தேதி, நெருங்கினால் அதுவும் போய்விடும், அது வேறு விஷயம்.

கிழவி எழுந்துவிட்டாள். கதை 14 பக்கம். அனுப்பிய பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. பாருங்கள், அண்ணன் சிரிக்கிறார்! அண்ணே, வங்கியிலேயே இருந்திருந்தால் திருப்பி அனுப்பக்கூட அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.