இறக்கத்தில்தான் கால் மடங்கும்: ஆங்கிள் பிரேஸ் (கரண்டைக்காலைத் தாங்கும் உறை) எதற்கு, எப்படி?

(காட்சி: ஏற்காடு, கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதை. ஈரமான கற்கள்.)

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். கரண்டைக்கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும்போது. ஏன்?

(காட்சி: மேசைமேல் பாத எலும்பு மாதிரி.)

கரண்டைக்காலின் இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகள் ஒரு கவ்வி. நடுவில் உட்கார்ந்திருப்பது தாலஸ் என்ற எலும்பு. இது முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். பாதம் மேலே மடங்கினால் அகலமான பக்கம் கவ்விக்குள் இறுகிவிடும். இறக்கத்தில் முன்பாதம் கீழே நீளும். ஒடுங்கிய பக்கம் உள்ளே வரும். மூட்டு கொஞ்சம் லொடலொடக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு சில்வர் ஓக் வேர் தடுக்கினால், பாதம் உள்பக்கம் மடங்கி வெளிப்பக்கத் தசைநார் அடி வாங்கும். ஒருமுறை அடி வாங்கிய கால் மறுபடியும் மடங்க வாய்ப்பு அதிகம்.

(காட்சி: மூன்று வகை பிரேஸ்.)

சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறை கதகதப்பாக, இதமாக இருக்கும். மடங்குவதைத் தடுக்காது. நான் முதலில் சேலத்தில் வாங்கியது இதைத்தான். போட்டுக்கொண்டே மறுபடி மடக்கிக்கொண்டேன். லேஸ் கட்டி, மேலே பட்டை சுற்றுவதுதான் மலைக்குச் சரி. இருபக்கமும் கெட்டித் தகடு வைத்தது இன்னும் உறுதி, ஆனால் எல்லா ஷூவிலும் நுழையாது.

(காட்சி: கால், மிக அருகில்.)

முதலில் சாக்ஸ். அப்புறம் பிரேஸ். குதிகாலைப் பின்னால் தள்ளி, பாதத்தைக் காலுக்குச் செங்கோணத்தில் வைத்து லேஸைக் கட்டுங்கள். பட்டை உள்பக்கத்திலிருந்து பாதத்துக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலே ஏற வேண்டும். மாற்றிச் சுற்றினால் மடங்குகிற பக்கத்துக்கே இழுத்துவிடும்! விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே தளர்த்துங்கள். ரப்பர் செருப்போடு போடுவது வீண்.

அடிபட்டவுடன் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? கரண்டைக்காலின் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறதா? பிரேஸ் வேண்டாம், சுளுக்கு வழிக்கவும் போகாதீர்கள். எக்ஸ்ரேதான் முதலில்.

(காட்சி: வாஷ்பேசின் முன் ஒற்றைக்காலில் நிற்பவர்.)

வலி அடங்கியதும் இதைத் தொடங்குங்கள். பல் துலக்கும் நேரம் முழுக்க, பிரேஸ் இல்லாமல், அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். தள்ளாடும். பேசினை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளலாம்.