டிரங்குப் பெட்டியும் பாஸ்புக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கவுண்டரில் தொடங்கினேன், கிளை மேலாளராக முடித்தேன். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், மதுரைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய்வருகிறேன். பணம் எடுக்கும் சீட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது எப்படி, ஏடிஎம் பின் நம்பரை ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது, கந்துவட்டிக்கும் வங்கி வட்டிக்கும் என்ன வித்தியாசம், இதெல்லாம்தான் பாடம். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘பேங்க் சார்’.

இல்லங்களில் வளர்ந்து வெளியே வரும் இளைஞர்களுக்குக் கிடைக்கும் பண உதவியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு பாஸ்புக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பையன் நிற்கிறான். காலடியில் பச்சை நிற டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அவன் பெயர், அதன் கீழே இல்லத்தில் அவனுக்குக் கொடுத்த எண். என் சனிக்கிழமை வகுப்புப் பையன்தான். முந்தின வாரம் பதினெட்டு முடிந்திருந்தது. ஐடிஐயில் ஃபிட்டர் முடித்து, சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளர் வேலையும் வாங்கிவிட்டான். கெட்டிக்காரப் பையன்.

“சார், பாஸ்புக்ல இருக்கற காச எடுக்க முடியல. கொஞ்சம் பாருங்க சார்” என்றான்.

பார்த்தேன். இருப்பு 1,140 ரூபாய். எட்டாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கிய கணக்கு. பதினெட்டு முடிந்ததும் மைனர் கணக்கு தானாகப் பெரியவர் கணக்காகிவிடாது. புதிதாகக் கையெழுத்துப் போட்டு, அடையாளச் சான்று கொடுக்கும் வரை பணம் எடுக்க முடியாமல் நின்றுவிடும். அதை ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். உண்மையான சிக்கல் கைபேசி எண்ணில் இருந்தது. கணக்கு தொடங்கிய நாளில் இருந்த கண்காணிப்பாளர் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரிலும் அதே எண். அவர் மாற்றலாகிப் போய் நாலு வருடம். அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். கோழிக்கறிக் கடைக்காரர் ஒருவர் எடுத்தார். “ஆமா சார், அப்பப்ப ஏதோ ஆறு நம்பர் மெசேஜ் வரும். நான் அழிச்சுருவேன்” என்றார்.

அந்த ஆறு நம்பர்தான் ஓடிபி. நல்ல மனிதராக இருந்ததால் அழித்தார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ‘பிற்காப்பு’ என்று அதில் ஒரு ஏற்பாடு உண்டு. இல்லத்தை விட்டு வந்த, 18 நிறைந்து 21 நிறையாதவர்களுக்குப் பணமாகவோ வேறு விதத்திலோ செய்யும் உதவிக்கு அந்தப் பெயர். 46ஆவது பிரிவு என்ன சொல்கிறது? பதினெட்டு நிறைந்து இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளை, ஊரோடு கலந்து வாழ்வதற்கு நிதியுதவி ‘வழங்கப்படலாம்’.

வழங்கப்பட வேண்டும் என்று இல்லை. வழங்கப்படலாம். இந்த ‘லாம்’ என்கிற விகுதி இருக்கிறதே, வங்கியில் இதோடு மல்லுக்கட்டித்தான் என் காலம் போனது. கடன் விண்ணப்பத்தில் ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதினால் அந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பிரிவில் இன்னொன்றும் கவனித்தேன். இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளை என்றுதான் வாசகம். வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால்? அந்த வாசகத்துக்குள் அவன் நேராக வரவில்லை. குடும்பம்தான் இருக்கிறதே என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். பாருங்கள், எனக்கும் ‘லாம்’ வந்துவிட்டது.

2016இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி விதிகள் சட்டத்தைவிடத் தெளிவாக இருக்கின்றன. பிள்ளை வெளியேற இரண்டு மாதம் இருக்கும்போதே, அவனுக்கு அடுத்து என்ன தேவை என்று ஒரு திட்டம் எழுதிக் பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்க உத்தரவு போடும் குழந்தைகள் நலக் குழுவிடமோ இளைஞர் நீதிக் குழுமத்திடமோ கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு, தொழில் பயிலும்போது உதவித்தொகை, சொந்தத் தொழிலுக்குக் கடன் ஏற்பாடு, ஆலோசனை சொல்ல ஓர் ஆள், எல்லாம் பட்டியலில் உண்டு. பணம் நேராக அவனுடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். தவிர்க்க முடியாத நிலை என்றால் 21க்குப் பிறகும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம்.

எவ்வளவு பணம்? ‘மிஷன் வாத்சல்யா’ என்கிற மத்தியத் திட்டத்தில், 2022இல் வந்த வழிகாட்டுதல்படி மாதம் 4,000 ரூபாய். அதற்கு முன்பு 2,000. நம் மாநிலத்தில் இந்தச் செலவில் அறுபது பங்கு மத்திய அரசு, நாற்பது பங்கு மாநில அரசு. மூன்று வருடம் முழுதும் கிடைத்தால் 1,44,000 ரூபாய். குறைத்துப் பேச வேண்டிய தொகை இல்லை. ஆனால் அது மாதாமாதம் சொட்டுச் சொட்டாக வரும். செலவு வருவது அப்படியில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானும் பையனும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். தொழிற்சாலைப் பக்கம் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறை. வாடகை ஆறாயிரம், அட்வான்ஸ் முப்பதாயிரம். இவன் பங்கு அட்வான்ஸில் பத்தாயிரம், வாடகையில் இரண்டாயிரம், அதையும் முதலிலேயே கொடுக்க வேண்டும். மெஸ்ஸுக்கு 3,600. பாய், தலையணை, பக்கெட், மக் எல்லாமாக 1,400. போன் ரீசார்ஜ் 300. கூட்டினால் 17,300. கையில் 1,140. வேலையில் சேருவது 3ஆம் தேதி, சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதி. நடுவில் முப்பத்தைந்து நாள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் வேலைக்குப் போகும்போது இந்த முப்பத்தைந்து நாளை யார் தாங்குகிறார்கள்? அப்பா கொடுக்கிறார். இல்லையென்றால் அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுக்கிறாள். சித்தப்பா, மாமா யாராவது ‘அறுவடை முடிஞ்சு குடுடா’ என்கிறார்கள். அது கடனா இனாமா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இவனுக்கு அந்த இடத்தில் யாரும் கிடையாது. பத்து வருடம் இவனுக்குச் சோறு போட்டு, சட்டை துணி எடுத்துக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அரசாங்கம்தான் இவனுக்குத் தகப்பன். அந்தத் தகப்பன் இந்த முப்பத்தைந்து நாளில் எங்கே இருக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

பிற்காப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால். அலுவலகம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. கோப்பு நகர்ந்து பணம் வரும்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

நான் ஆறாயிரம் கொடுத்தேன், மிச்சத்தை நண்பர்களிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றான். நண்பர்கள் என்று அவன் சொன்னது கைபேசியில் இருந்த ஒரு கடன் செயலி. எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். எட்டாயிரம் கடன், கைக்கு வந்தது ஐயாயிரத்து அறுநூறு, பதினைந்தாம் நாள் எட்டாயிரமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டத் தவறியதும் அவன் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போயிருக்கிறது. எனக்கும் ஒன்று வந்தது. வருடக்கணக்காக அவனுக்கு வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். வட்டி தெரியாமல் அவன் வாங்கவில்லை. தெரிந்துதான் வாங்கினான், வேறு வழி இல்லை. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மொத்தமாகப் பணம் கொடுக்க அரசுக்குத் தெரியாதா? தெரியும். கோவிட் காலத்தில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தை பெயரில் தமிழக அரசு ஐந்து லட்சம் வைப்பு வைத்தது, பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு அந்தப் பிள்ளைக்கு. அவர்களுக்கே மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்தில் 18 முதல் 23 வரை மாதந்தோறும் ஒரு தொகை, 23இல் பத்து லட்சம். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தியின் பெற்றோர் கோவிட்டில் போனவர்கள், இன்னொருத்தியின் பெற்றோர் லாரி மோதிப் போனவர்கள். இரண்டாமவள் என்னிடம் ஒரு நாள் கேட்டாள்: “ஏன் சார், எங்கப்பா ஒரு வருஷம் கழிச்சு அந்த நோய்ல செத்திருந்தா எனக்கும் குடுத்திருப்பாங்களா?” நான் கரும்பலகையை அழிக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளை கையில் பணம் வந்தால், பத்து வருடமாக எட்டிப் பார்க்காத உறவெல்லாம் பழச்சீப்போடு வந்து நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். முதல் மாதம் மட்டும் ஒரு இருபதாயிரம், வெளியேறுகிற அன்றே கையில். அதன் பிறகு மாதாமாதம் நாலாயிரம். ஐந்து மாதத்தை ஐந்து நாளாக்கினாலே பாதி வழக்கு முடிந்தது.

அமெரிக்காவில் இப்படி வெளியேறும் பிள்ளைகளுக்கு உதவ 1999இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஜான் சேஃபி என்ற செனட்டரின் பெயரில் அந்தத் திட்டம் இருக்கிறது. அதில் படிப்புக்கு வருடம் ஐயாயிரம் டாலர் வரை தருவதைவிட, பின்னாளில் அந்த நாட்டுச் சட்டத்தில் சேர்த்த இரண்டு சின்ன விஷயங்கள்தான் என்னைப் போன்ற வங்கிக்காரனுக்குக் கண்ணில் படும். ஒன்று, பதினெட்டு வயதில் வெளியேறும் பிள்ளை கையில் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, அடையாள அட்டை, மருத்துவக் குறிப்புகள் எல்லாம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். இரண்டு, பதினாலு வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளை பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்க ஆளில்லாத பிள்ளையின் பெயரில் கடன் வாங்குகிற ஆட்கள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நம் ஊரிலும் காகிதம்தான் பணம். ஒன்று சொல்கிறேன், இல்லங்களில் வேலை பார்ப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ளச் சட்டப்படியோ வழக்கப்படியோ யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள். சாதி தெரியாது என்று பொதுப் பட்டியலில் போட்டுவிடுகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த வரி பொருந்தும். கல்வி உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும். அந்தச் சான்றிதழை இல்லத்தில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் பதினெட்டு வயதுப் பையன் தனியாக நின்று, நான் பத்து வயதுக்கு முன்பே அனாதை என்று நிரூபிப்பது லேசான காரியமா?

அதே போல, பத்து வயது முடிந்த பிள்ளை தன் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. பதினைந்தில் ஆதார் கைரேகை புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்கிற அன்றே கைபேசி எண்ணையும் பாருங்கள். பதினெட்டு முடிந்த வாரத்தில் வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் பிற்காப்பு விண்ணப்பத்தைப் பதினேழரை வயதிலேயே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் இல்லாத விண்ணப்பம் கொடுக்காத விண்ணப்பம்.

பெண் பிள்ளைகளுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன, வேலைக்குப் போகிறவர்களுக்கு. கல்லூரி சேர்ந்தால், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம். வங்கியில் கல்விக் கடன் நாலு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. ஆனால் உடன் கையெழுத்துப் போடப் பெற்றோர் வேண்டும் என்பார்கள். அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று என் மேசைக்கு எதிரே பேனாவோடு யோசித்த பிள்ளைகள் உண்டு. நானும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தவன்தான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பையன் கதைக்கு வருகிறேன். ஐந்தாம் மாதம் பணம் அனுப்பிவிட்டோம் என்றார்கள். பாஸ்புக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் தேடினோம். கடைசியில் விஷயம் இதுதான்: கம்பெனியில் சம்பளக் கணக்குத் தொடங்கியபோது ஆதாரை அங்கே இணைத்துவிட்டார்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கில் இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். மூன்று வாரம் முன்பே விழுந்திருக்கிறது. இவன் அதை ஓவர்டைம் காசு என்று நினைத்து, ஒரு சைக்கிளும் அறைத் தோழர்களுக்குப் பிரியாணியும் வாங்கிவிட்டான்.

“திட்டாதீங்க சார்” என்றான். திட்டவில்லை. இரண்டாம் தட்டு பிரியாணிக்கு நானும்தான் போயிருந்தேன்.

கடன் அடைந்துவிட்டது. வேலையில் நிலைத்துவிட்டான். டிரங்குப் பெட்டி மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மூன்று பேர் படுக்கிற அறையில் அதை வைக்க இடமில்லையாம். தீபாவளிக்கு வரும்போது இறக்கித் துடைத்துவிட்டு, மறுபடி ஏற்றி வைத்துவிட்டுப் போகிறான்.

வணக்கம்.