கமில்லசின் ஆறாத கால்

பாம்பனிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி இரண்டு நாள்களாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. "சூதாடியவரையும் குடித்தவரையும் புனிதர் என்று மாலை போடுகிறோமே, ஏழைகளுக்குச் செய்த உதவி பழைய பாவத்தைக் கழித்துவிடுமா, சாமி?" என்று கேட்டிருக்கிறார்.

கழிக்காது, அம்மா. மன்னிப்பு இறைவன் இலவசமாகத் தருவது. அதற்கு அரிசி மூட்டை விலையாகாது. நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயுவைப் பற்றி இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன்: "உன் வீட்டில் தங்க வேண்டும்" என்று ஆண்டவர் சொன்னது முதலில், பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காகவும் தருகிறேன் என்று சக்கேயு எழுந்து நின்றது அதன் பிறகு.

சென்ற முறை, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஓரியூர் அருளானந்தரைப் பற்றிப் பேசினோம். 1693-இல் அவர் சிந்திய இரத்தமே அவர் புனிதர் என்பதற்குச் சான்று. இரத்தம் சிந்தாதவர்களிடமோ, மனம் திரும்பிய பிறகு எவ்வளவு உறுதியாக நற்பண்புகளில் வாழ்ந்தார்கள் என்பதைத் திருச்சபை ஆராய்கிறது. பழைய வாழ்வை அது மறைப்பதில்லை.

புனித கமில்லசை எடுத்துக்கொள்ளுங்கள். 1550-இல் இத்தாலியில் பிறந்த போர்வீரர். காலில் ஆறாத புண். சூதாட்டத்தில் கையிலிருந்த அனைத்தையும் இழந்தவர். உரோமையிலுள்ள புனித யாக்கோபு மருத்துவமனையில் பணியாளராக இருந்தபோது, சூதும் சண்டையுமாகத் திரிந்ததால் வெளியேற்றப்பட்டார். 1575-இல் மனம் திரும்பிய பிறகு அதே மருத்துவமனைக்கு வந்து, நோயாளிகளின் புண்ணைக் கழுவி, பின்னர் அதன் மேற்பார்வையாளரானார். நோயாளர் பணிக்கென்றே ஒரு துறவற சபையையும் நிறுவினார். அந்தக் கால் கடைசிவரை ஆறவில்லை. படுக்கையில் கிடப்பவனுக்கு எங்கே வலிக்கும் என்பதை அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏழைகள் அவருக்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். முன்பு கடலுக்குப் போய்வந்த காசு முழுவதும் மதுக்கடைக்கே போகும்; அவர் மனைவி கடன் அரிசிக்கு மளிகைக் கடை வாசலில் நிற்க, நிலுவைத் தொகையைத் தெருவே கேட்கும்படி கடைக்காரர் வாசிப்பார். இப்போது அவர் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறார். 1833-இல் பாரிசில் ஓசானாம் என்ற மாணவரும் தோழர்களும் தொடங்கிய சபை அது. ஏழையின் வீட்டுக்கு நேரில் செல்வதே அதன் தலையாய பணி. மீன்பிடித் தடைக்காலமான 61 நாள்களும் இவர் அரிசிப் பையைக் கூடையில் வைத்து, மேலே பழைய வலைத்துண்டைப் போட்டு மூடி, கொல்லைப்பக்கமாகவே கொண்டுசெல்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கதவை இரண்டு முறை தட்டுகிறார். இதை நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வேறு யாரும் கற்றுக்கொடுத்ததாகவும் தெரியவில்லை.

அவருடைய உதவியால் எத்தனை வீடுகள் பசியாறுகின்றன என்று ஒருநாள் அவர் மனைவியிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பத்து வீடு சாமி, அந்தப் பத்து வீடு இல்லாட்டி இவரு சாயங்காலம் திரும்பவும் கடைக்குப் போயிருப்பாரு" என்றார்.