சார்ஜ்ல போட்ட செல்போன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பொங்கல் விழாவுக்குத் தெருவையே அடைச்சு மேடை போட்ட கொரட்டூர் நண்பர்களுக்கும், அதனால வண்டியை மூணு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்து வந்தவங்களுக்கும் தனி வணக்கம்.

ஆண் பிள்ளையை நல்ல ஆணாக்குவது தாயின் சொல்லா, தந்தையின் நடத்தையா? நான் தந்தை அணி. 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே'. புறநானூறு 312, பொன்முடியார் பாட்டு. ஒரு தாய் வாயாலேயே வந்த வாக்குமூலம். அதோட நான் உட்கார்ந்திருக்கலாம்.

எதிரணி அம்மா விட்டாங்களா? "வீட்ல அப்பாங்கிறவர் சார்ஜ்ல போட்ட செல்போன். மூலையில கிடப்பார், பேச மாட்டார், தொட்டா சூடா இருப்பார்"னாங்க. எல்லாரும் தட்டினீங்க. என் வீட்டம்மா முதல் வரிசையில எழுந்து நின்னே தட்டினாங்க. ஏம்மா, செல்போன் எதுக்கு சார்ஜ்ல கிடக்கு? காலையிலேர்ந்து ஸ்கூல் ஃபீஸ் கட்டி, கேஸ் புக் பண்ணி, மேனேஜர் திட்டினதை எல்லாம் கேட்டு, ராத்திரி 9 மணிக்கு ஒரு பர்சென்ட்ல வந்து விழுது. அதையும் ஒயரைப் பிடுங்கி, "உங்க பையன் பண்ணின காரியத்தைப் பாருங்க"ன்னா, சூடாகாம ஜில்லுனா இருக்கும்?

அந்த சூடான போன் என்னத்தை சொல்லிக் கொடுத்துச்சுன்னு கேட்டாங்க. சொல்றேன்.

ஒரு நாள் ராத்திரி வீட்ல நாப்கின் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எட்டு வயசுப் பையனும் கூட வந்தான். மெடிக்கல் ஷாப்ல நாலு பேர் நிக்கிறாங்க. இருமல் மிட்டாய் கேட்டேன். கூட்டம் போகலை. தைலம் கேட்டேன். இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க. கொசுவத்தி. பல்பொடி. காது குடையிற பஞ்சு! 180 ரூபாய் பில்லோட வீட்டுக்கு வந்தா, "நான் கேட்டது எங்க?" திரும்பப் போனேன். இப்ப கூட்டம் இல்லை. கடைக்காரர் என்னமோ வெடிகுண்டு மாதிரி நியூஸ்பேப்பர் சுத்தி, அதுக்கு மேல கறுப்புக் கவர் போடுறார். என் பையன் கேட்டான்: "அண்ணே, கொசுவத்திக்கு ஏன் பேப்பர் சுத்தலை?"

இருங்க, இன்னொரு தடவை சொல்றேன், பின்னாடி ஆளுங்களுக்குக் கேட்கலை. "அண்ணே, கொசுவத்திக்கு ஏன் பேப்பர் சுத்தலை?" கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். நான் கொசுவத்தியைப் பார்க்கிறேன். அந்த இடத்துல வெக்கப்படாம இருந்தது கொசுவத்தி ஒண்ணுதான்! பேப்பரைப் பிரிச்சுப் போட்டுட்டு, பாக்கெட்டைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்தேன். நடத்தைன்னா வேற என்னங்க, நடந்தேனே! இப்ப பிளஸ் ஒன் படிக்கிறான். தங்கச்சிக்கு அவன்தான் போய் வாங்கிட்டு வர்றான். கவர் வாங்கறதில்லை.

முதல் மணி அடிச்சுட்டாங்க. சீக்கிரம் முடிக்கிறேன். 2022-ல இந்தியாவுல தற்கொலை செஞ்சுக்கிட்டவங்க 1,70,924 பேர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு. பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அதுல எத்தனை பேர், வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டவங்க?

எங்கப்பா மூட்டை தூக்கி எங்களை வளர்த்தவர். 2019 கோடையில எங்கம்மா போயிட்டாங்க. புழல் ஏரியில தரை வெடிச்சுக் கிடந்த வருஷம். அரை பக்கெட் தண்ணியைக் கொட்டினா அடிக்க வர்ற மனுஷன், காரியம் முடிஞ்ச அன்னிக்கு பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு வரவே இல்லை. காசு கொடுத்து வாங்கின லாரித் தண்ணி. ஓடுது, ஓடுது. எனக்கு விஷயம் புரிஞ்சுது. கதவைத் தட்ட தைரியம் வரலை. அந்த அம்மா சொன்ன செல்போன் மாதிரி மூலையில நின்னேன்.

என் பையன் போய்த் தட்டினான். "தாத்தா, குழாயை மூடிட்டு அழுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

தண்ணி சத்தம் நின்னுச்சு. எங்கப்பா அழுது நான் கேட்டது அன்னிக்குத்தான்.

இது எந்த அணிக்குப் பாயிண்ட்டுன்னு தெரியலை, நடுவர் அவர்களே. நான் அவனுக்குச் சொல்லித் தரலை, அவங்க அம்மாவும் சொல்லித் தரலையாம். ரெண்டாவது மணியும் அடிச்சுட்டீங்க. உட்கார்றேன்.