ஆத்தா வந்தப்போ யாரும் கேக்கல

வணக்கம் நேயர்களே. பேரு சொல்லாம பேசுறேன்னு கேட்டேன், நிலையத்துல சரின்னுட்டாங்க. நம்ம மலேசியாவுல ஆம்பளையும் ஆம்பளையும் உறவு வச்சிக்கிட்டா குத்தம்னு 377ஏ, 377பி சட்டம் இன்னும் இருக்குல்ல, 20 வருஷம் வரைக்கும் ஜெயில், ரோத்தானும், அதாவது பிரம்படியும் உண்டு.

எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தை. இப்போ போர்டுல பெஸ்தாரி ஜெயா, ஆனா வயசானவங்க வாயில இன்னும் பழைய பேருதான்.

ஒம்பது வயசுல எனக்கு சிக்கன்பாக்ஸ். பாட்டி, தோட்டத் தொழிலாளிங்க இருக்கற லயத்து வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க, வீட்டுல தாளிக்கக்கூடாது, என்னைய அதட்டக்கூடாது, ஆத்தா வந்திருக்கான்னு அப்பா கூட குரல தாழ்த்திதான் பேசுவாரு, அரிச்சா சொரியவிடாம வேப்பங்கொத்தால மெதுவா தடவிவிடுவாங்க. எங்க ஒட்டுச்சு, யாரு கூட இருந்தேன்னு ஒருத்தர் கேக்கல.

பதினஞ்சுல நான் ஒரு 'கே', ஆம்பளைங்க மேல ஆசை வர்ற ஆம்பளைன்னு எனக்கு புரிஞ்சிடுச்சு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல மஞ்ச வேட்டி, தலையில பால்குடம், உள்ளுக்குள்ள ஒரே வேண்டுதல், ஆத்தா இத எடுத்துடுன்னு. மூணு வருஷம் தூக்குனேன். எடுக்கல.

2023 ஜூலை கடைசில நம்ம நாட்டுல முதல் எம்பாக்ஸ் கேஸ். அப்போ நான் ஒரு தமிழ் பேப்பர்ல ரிப்போர்ட்டர். குரங்கு அம்மைங்கற பேரு ஆளுங்கள கேவலப்படுத்துதுன்னு 2022 நவம்பர்லயே உலக சுகாதார நிறுவனம் மாத்திடுச்சு. தோலோட தோல் பட்டா, கொப்புளம் பட்ட துணி, படுக்கைன்னு யாருக்கும் ஒட்டும்னு எழுதினேன். 2022ல அதிகமா பரவுனது ஆம்பளைங்களோட உறவு வச்சிக்கிற ஆம்பளைங்க மத்தியிலதான்னும் எழுதினேன், அத மறைச்சா எங்க பசங்கதானே லேட்டா டாக்டர்கிட்ட போவாங்க. காலைல பேப்பர பிரிச்சா தலைப்புல 'தகாத உறவால் வரும் நோய்'. நான் வச்ச தலைப்பு இல்ல அது, ஆனா கீழ என் பேரு.

அன்னைக்கே தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூப்ட்டான். "அண்ணே, கையில கொப்புளம், கிளினிக் போனா யார்கூட படுத்தேன்னு கேப்பாங்களா?" முழுக்கை சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கடான்னு சொல்லி நானே கார்ல கூட்டிட்டு போனேன். (வேப்பிலை போதும்னு நான் சொல்லல, டாக்டர பாருங்க.) ஒண்ணு சொல்லணும், சிக்கன்பாக்ஸ் வேற குடும்பம், இந்த எம்பாக்ஸ்தான் 1980ல ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்ச பெரியம்மைக்கு சொந்தம், அதாவது எங்க ஆத்தாவோட பழைய அம்மைக்கு. அது வந்தவனுக்கு மட்டும் எப்படி தகாதவன்னு பேரு வந்துச்சு? காத்திருக்கற சீட்டுல உக்காந்து அதையேதான் யோசிச்சேன், அதுக்கப்புறம் ஆத்தாகிட்ட எடுத்துடுன்னு கேக்குறத விட்டுட்டேன்.

ராத்திரி அம்மா ஃபோன். "அந்த மாதிரி ஆளுங்களுக்கு வர்றதாமேய்யா?"

"நானும் அந்த மாதிரி ஆளுதாம்மா."

ரொம்ப நேரம் அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும். கிளினிக் போன பையன பத்தியும் சொன்னேன், இன்னும் ரிசல்ட் வரலம்மா, ரூமுல தனியா படுத்திருக்கான்னு.

"யாரு வச்சு பாத்துக்கறா? கொப்புளம் எறங்குனதும் சொல்லு, தலைக்கு தண்ணி ஊத்தணும்"னாங்க.