கூடம் எங்கே?

(ஊர்ப் பள்ளி விளையாட்டு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களே, கோப்பைகளுக்குப் பணம் தந்த அரிசிக்கடை அண்ணாச்சி அவர்களே, பெயர் சொல்லாமல் விட்டால் வீடு தேடி வந்து சண்டை பிடிக்கும் கொடை விழாக் கமிட்டிப் பெரியவர்களே, வெயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். பந்தல் போட்ட தம்பிக்கும் ஒரு வணக்கம். அவருக்கு இன்னும் பாக்கி நிற்கிறதாம்.

விளையாட்டு பிள்ளைகளுக்கு மூன்றைத் தருகிறது: கட்டுப்பாடு, விடாமுயற்சி, தோழமை. ஒவ்வொன்றாக வருகிறேன். முதலில் விடாமுயற்சி.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். எங்கள் ஆச்சி, அடுப்பு புகைகிறது என்று யார் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அம்மன் கோவில் கொடையில், ஊர்ப் பொட்டலில் இரவுக் கபடி. முதல் பரிசு ஆட்டுக்கிடா. அதை மைக் மேசையின் காலில் கட்டியிருந்தார்கள். அது ஒயரைக் கடிக்க, வர்ணனை பாதியில் நின்றுபோனது. நம் அணியில் ஒரு பையன், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை. பாடிப் போகும்போதெல்லாம் இடது மூலையில் கணுக்காலைப் பிடித்துச் சாய்த்துவிட்டார்கள். வெளியே வந்து, "அந்த மூலை சரிவு, கால் நிற்கவில்லை" என்றான். பயிற்சி தந்த பெரியவர் பேசவில்லை. இடைவேளை முடிந்து பக்கம் மாறினார்கள். இப்போது அந்தச் சரிவு நம் களத்தில். எதிரணிக்காரன் பாடி வந்தான். அதே மூலையில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டி, கிடாவுக்கு ஒரு கும்பிடும் போட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார்: "கிடா போய்விட்டது. நாளைக் காலை ஐந்து மணிக்கு அந்த மூலைக்கு வா."

பனிக்காலம் முழுவதும் வெறுங்காலோடு அந்த மூலையிலேயே பழகினான். மறு கொடைக்கும் தோற்றோம். ஆனால் அவன் தரையைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த கொடைக்குக் கிடா நம் ஊருக்கு வந்தது. இன்று அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த காவலர். கபடியில் 20 நிமிடத்தில் பக்கம் மாறிவிடும். சொன்ன சாக்கு எதிராளிக்கும் பொருந்துமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எந்தப் பரீட்சை பிள்ளைக்கு இதைக் காட்டும்?

நம் சீமைக்கு ஆட்டம் புதிதல்ல. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் மணத்தி கணேசன் இருந்தார். பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார். ஆக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். இவர்களுக்கெல்லாம் ஓடி விழ ஒரு தரை இருந்தது.

தலைவர் அவர்கள் கோபிக்கக் கூடாது. அந்தச் சரிவு மூலையில் இன்று என்ன இருக்கிறது? இடித்த வீட்டுச் செங்கல், உடைந்த ஓடு, அதன்மேல் சீமைக்கருவேலம். பொட்டலின் மேற்கு வேலி மழைக்கு மழை ஒரு முழம் உள்ளே வருகிறது. வேலிக்கும் கால் முளைக்கும் ஊர் நம்முடையது! பெண் பிள்ளைகள் மீதி இடத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு; விளையாடிப் பழக ஒதுக்கிய இடம்தான் இல்லை. கூடம் கோணலாக இருந்தால் பழகிக்கொள்ளலாம். கூடமே போய்விட்டால் ஆச்சி யாரைத் திட்டுவார்?

கட்டுப்பாடும் தோழமையும் பாக்கி. தலைமையாசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே நேரே கேட்கிறேன். சர்வேயரை அழைத்துப் பொட்டலை அளந்து கல் நட வேண்டும். வருகிற அக்டோபர் 2 கிராமசபையில், அது விளையாட்டு மைதானம் என்று தீர்மானம் எழுத வேண்டும். மனு பந்தல் வாசல் மேசையில் இருக்கிறது, சுக்குக் காபியும் அங்கேதான். முதல் கையெழுத்துக்கான இடத்தைத் தலைவர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம்.