மட்டில் அனுப்பிய மெயிலின் நகல் எங்கே போகிறது?

அடுத்த கேள்வி மட் பற்றியது. டெர்மினலில், விசைப்பலகை வழியாகவே இயக்கும் மெயில் நிரல் அது. "மட்டில் அனுப்பும் மெயில் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. ஆனால் போனில் பார்த்தால் சென்ட் ஃபோல்டர் காலி. நகல் எங்கே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நகல் தொலைந்துபோகவில்லை, உங்கள் கணினியிலேயே இருக்கிறது. உங்கள் சொந்தக் கோப்புறையான ஹோம் டைரக்டரியில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பாருங்கள், சென்ட் என்று ஒரு கோப்பு இருக்கும். அமைப்பை யாரும் மாற்றாதவரை மட் அங்கேதான் எழுதும். மெயிலை அனுப்புவது ஒரு வேலை, நகல் எடுத்து வைப்பது தனி வேலை. போன் பார்ப்பது சர்வரை, உங்கள் ஹோம் டைரக்டரியை அல்ல.

இப்போது மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியைத் திறங்கள். முதலில் ஃபோல்டர் என்ற மாறியில் உங்கள் ஐமேப் முகவரி, அதாவது சர்வரில் உங்கள் மெயில் இருக்கும் இடத்தின் முகவரி, இருக்க வேண்டும். அதற்குக் கீழே, நகல் போகும் இடத்தைச் சொல்லும் வரி: செட் ரெக்கார்டு, சமக்குறி, மேற்கோளுக்குள் ப்ளஸ் சென்ட். அந்த ப்ளஸ்தான் "ஃபோல்டரில் சொன்ன இடத்துக்குள்" என்று பொருள் தருகிறது. வரிசை முக்கியம். நான் ஒருமுறை ரெக்கார்டை மேலேயும் ஃபோல்டரைக் கீழேயும் எழுதிவிட்டு அரை நாள் முழித்தேன். ப்ளஸ்ஸைப் படிக்கும்போது புது முகவரி மட்டுக்குத் தெரியாது, பழைய இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

சர்வரில் ஃபோல்டரின் பெயர் சென்ட் என்றே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில இடங்களில் சென்ட் ஐட்டம்ஸ், சில இடங்களில் இன்பாக்ஸ் புள்ளி சென்ட். சி அழுத்தி, அப்புறம் கேள்விக்குறி போட்டால் பட்டியல் வரும். அதில் உள்ளபடியே எழுதுங்கள். ஜிமெயில்காரர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். அதன் சர்வர் வழியாக அனுப்பினால் நகலை அதுவே வைத்துக்கொள்ளும், மட் நகல் எடுப்பதை நிறுத்த அன்செட் ரெக்கார்டு என்று எழுதினால் போதும்.

சரியாக வந்ததா என்று பார்க்க மெயில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எழுதி முடித்ததும் ஒய் அழுத்தும் முன் வரும் திரையில், டூ, சப்ஜெக்ட் வரிகளோடு எஃப்சிசி என்று ஒரு வரி இருக்கும். நகல் போகப்போகும் இடம் அதுதான். அந்த ஒரு மெயிலுக்கு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அங்கேயே எஃப் அழுத்தலாம். பெரிய இணைப்பு இருந்தால் கொஞ்சம் நேரமாகும், ஏனென்றால் அது இரண்டு முறை மேலே ஏறுகிறது: பெறுபவருக்கு ஒன்று, ஃபோல்டருக்கு ஒன்று.

பழைய நகல்களையும் சர்வருக்குக் கொண்டுபோகலாம். அந்தச் சென்ட் கோப்பை மட்டிலேயே திறந்து, பெரிய டி, டில்டே என்ற அலைக்குறி, பெரிய ஏ கொடுத்து எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு செமிகோலன், பெரிய சி அழுத்திப் புது ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். பழைய கோப்பு அப்படியே இருக்கும், அங்கே போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.